கேமரா போன ஊர்களும் போகாத ஏரிகளும்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, ஒரு காபியோடு பொறுமையாகப் படியுங்கள்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடைக்கு வருபவர்கள் பார்த்திருப்பீர்கள். விடுமுறை நாளென்றால் இரண்டு மூன்று ட்ரைபாடாவது நிற்கும். இளைஞர்கள் கூழைக்கடாவுக்கும் சூரிய உதயத்துக்கும் காத்திருப்பார்கள். அவர்களில் சிலர் என்னிடம் வரலாறு படித்தவர்கள். பழைய படங்களை இங்கே அடிக்கடி பகிர்வதால் அவர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "சார், இயற்கைக் காட்சி எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்? எடுக்க எங்கே போகலாம்?"

நான் கேமரா வியாபாரி இல்லை. ஆனால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் நம் மண்ணில் நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அன்றைக்கு யார் எந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போனார்கள் என்பதுதான், நம் ஊர்களில் எவற்றுக்குப் பழைய படம் இருக்கிறது, எவற்றுக்கு இல்லை என்பதை முடிவு செய்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கேமராவுக்கு முன் ஓவியர்கள் வந்தார்கள். தாமஸ் டேனியல், அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியல் இருவரும் 1792-இல் மதராஸிலிருந்து கிளம்பித் தென்னிந்தியாவைச் சுற்றினார்கள். காட்சியைத் தாள்மேல் விழவைத்துக் கோடு இழுக்க உதவும் 'கேமரா அப்ஸ்க்யூரா' என்ற இருட்டுப் பெட்டியும் அவர்களிடம் இருந்தது. ஃபிலிம் இல்லாத கேமரா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில்தான் திப்பு சுல்தானுடனான மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்திருந்தது. போர்ச் செய்திகளில் அடிபட்ட மலைக்கோட்டைகளைப் பார்க்க இங்கிலாந்தில் ஆசைப்பட்டார்கள். ஆகவே டேனியல்கள் பாராமகால் பக்கம் போனார்கள். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து இராயக்கோட்டை அவர்களின் அச்சுப் படங்களில் ஒன்றானது. அந்தக் கோட்டையை 1791-இல்தான் கம்பெனிப் படை பிடித்திருந்தது.

இந்த இராயக்கோட்டையை நினைவில் வையுங்கள். அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து நிஜமான கேமரா ஒன்று அதே மலைக்குப் போகிறது.

அந்தக் கேமராவின் சொந்தக்காரர் லினேயஸ் ட்ரைப். 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரி. விடுமுறையில் ஊருக்குப் போனபோது புகைப்படக் கலையைக் கற்றுத் திரும்பினார். ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855-இல் கம்பெனி பர்மாவுக்கு அனுப்பிய தூதுக்குழுவோடு போய் அமரபுராவையும் பகானையும் எடுத்தார். 1856-இல் மதராஸ் அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் தொடங்கி 1858 கோடைவரை அவர் சுற்றிய இடங்கள் இராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர். வடக்கே பெருங்கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த அதே மாதங்களில்தான் தெற்கே இந்த மாட்டுவண்டிப் பயணம்.

மாட்டுவண்டி ஏன் என்றால், அன்றைக்குப் படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி நடைமுறையில் இல்லை. நெகட்டிவ் எந்த அளவோ படமும் அந்த அளவு. ஓர் அடிக்கு மேல் நீளமான படம் வேண்டுமென்றால் நெகட்டிவும் அந்த நீளம் வேண்டும். அதைத் தாங்கும் கேமரா ஒரு சின்ன டிரங்குப் பெட்டி அளவுக்கு வந்துவிடும். அதோடு ட்ரைபாட், மருந்துப் புட்டிகள், தட்டுகள், இருட்டறைக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் சேர வேண்டும்.

இப்போது 'எந்தக் கேமரா' என்ற கேள்விக்கு வருவோம். 1850-களில் அது 'காகிதமா, கண்ணாடியா' என்ற கேள்வி. 1851-இல் ஆர்ச்சர் என்பவர் கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசும் முறையை வெளியிட்டார். படம் துல்லியமாக விழும். ஆனால் தட்டில் மருந்து பூசி, ஈரம் காயும் முன் படமெடுத்து, ஈரம் காயும் முன்பே கழுவியும் முடிக்க வேண்டும். நம் வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று மொட்டைமாடியில் வடாம் போடுகிறவர்களைக் கேளுங்கள். அதே காலத்தில் பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவைக் கொண்டுவந்தார். துல்லியம் சற்றுக் குறைவு, வெளிச்சம் காட்ட வேண்டிய நேரமும் அதிகம். ஆனால் முன்கூட்டியே தயாரித்து எடுத்துப் போகலாம், பிறகு நிதானமாகக் கழுவலாம். வெயிலில் மாதக்கணக்காக அலையப்போகும் ட்ரைப் பெரும்பாலும் காகிதத்தைத் தேர்ந்தெடுத்தார்; கண்ணாடியையும் பயன்படுத்தினார். எது சிறந்த கருவி என்று பார்க்காமல், இந்த வெயிலுக்கும் இந்தப் பயணத்துக்கும் எது தாங்கும் என்று பார்த்திருக்கிறார். என் மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இதுதான்.

ஆனால் கருவி தன் பங்குக்கு ஒரு வேலை செய்தது. எதைப் படமெடுக்க முடியும் என்று அதுவே வடிகட்டியது. வெளிச்சம் காட்டும் நேரம் நிமிடக்கணக்கில் போகும்போது அசைவது எதுவும் பதியாது. பறக்கும் கொக்கு இல்லாமலே போகும். காற்றில் ஆடும் தென்னை பஞ்சுபோல ஆகும். சிற்றலை அடிக்கும் தண்ணீர் பால் கொட்டியதுபோல வெளுத்து நிற்கும். அன்றைய மருந்துக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும். ஆகவே வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெள்ளைத்தாளாகிவிடும், பச்சை இலை கறுத்துப்போகும். ட்ரைப் தன் பர்மா நெகட்டிவ்கள் சிலவற்றில் மேகங்களைக் கையாலேயே தீட்டிச் சேர்த்திருக்கிறார். இன்று போட்டோஷாப்பில் வானத்தை மாற்றுகிறவர்களைத் திட்டும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அசையாமல் நிற்பவை எவை? கல், கோட்டை, கோபுரம், மலை. அரசாங்கம் கேட்டதும் அவற்றைத்தான். பழமையான கட்டடங்கள் அழியுமுன் பதிவாக வேண்டும் என்பதே நோக்கம். கொடுத்த வேலையும் கொண்டுபோன கருவியும் ஒரே திசையில் இழுத்தன. மதுரையில் ட்ரைப் யானைமலையை எடுத்தார். வையையின் குறுக்கே இருந்த தரைப்பாலத்தை எடுத்தார். தெப்பக்குளத்தையும் எடுத்தார், அங்கே தண்ணீரோடு கல்படியும் நடுமண்டபமும் இருந்தன. அவர் 1858-இல் வெளியிட்ட தொகுப்புகள் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, இராயக்கோட்டை என்று ஊர்ப் பெயர்களில் இருக்கின்றன. வெறும் மண்கரையும் மதகும் கலங்கலும் உள்ள ஒரு பாசன ஏரிக்கென்று ஒரு தொகுப்பு கிடையாது. அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தட்டு கழுவ நல்ல தண்ணீர் தேடிய அந்தக் காலப் புகைப்படக்காரர்களுக்கு நம் கிணறும் குளமும் உதவியிருக்கும். படத்தில் மட்டும் அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை.

ட்ரைப் செய்த ஒரு வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி எடுத்தார். 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். மொத்தம் சுமார் 19 அடி. இன்று மொபைலில் 'பனோரமா' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அந்த வேலை. அவர் எடுத்தபோது அந்தக் கோயிலைக் கட்டியவர் யார் என்பதே ஆய்வுலகில் தெளிவாகவில்லை. 1886-இல் அரசுக் கல்வெட்டு ஆய்வாளராக வந்த யூஜின் ஹுல்ஷ் அந்த எழுத்துகளைப் படித்த பிறகுதான் முதலாம் இராஜராஜன் என்பது உறுதியானது. தஞ்சைக் கல்வெட்டுகளின் பதிப்பு 1891 முதல் வரத் தொடங்கியது. தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தை, வரிசை தப்பாமல், தூரம் மாறாமல் ஒருவர் பதிந்து வைத்துவிட்டார். அர்த்தம் முப்பது ஆண்டுகள் கழித்து வந்தது. எடுப்பவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒழுங்காக எடுத்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் 34 வருட வகுப்பறையில் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த முயற்சி நீடிக்கவில்லை. 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், கிளர்ச்சிக்குப் பிறகு கஜானா இருந்த நிலையில் இதை ஆடம்பரமாகப் பார்த்தார். வேலை நிறுத்தப்பட்டது. பட்டியலில் அடுத்த ஊர்கள் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு இன்றும் மனம் அடித்துக்கொள்ளும்.

அதன்பின் வந்தவர்கள் மலை ஏறினார்கள். நாட்டிங்ஹாமில் வங்கி ஊழியராக இருந்த சாமுவேல் போர்ன் 1863-இல் இந்தியா வந்தார். இமயமலைக்கு மூன்று முறை பெரிய பயணம் போனார். 1866-இல் 18,000 அடிக்கு மேலே மணிராங் கணவாயில் கண்ணாடித் தட்டில் படமெடுத்தார். கூடாரமும் தட்டுகளும் மருந்தும் சுமக்கப் பெரிய கூலிக் கூட்டமே உடன் போனது. படத்தில் பெயர் போர்னுக்கு. சுமை அவர்கள் முதுகில். தெற்கே வந்தபோது போர்ன் உதகமண்டலத்தை எடுத்தார். எட்மண்ட் லயான், நிக்கலஸ் சகோதரர்கள், பிறகு பென் என்று ஊட்டியில் தொழில் நடத்திய புகைப்படக்காரர்கள் வரிசையாக உண்டு. குளிர்ச்சியில் மருந்து கெடாது, படம் வாங்கும் வெள்ளைக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள். ஆகவே ஊட்டி ஏரிக்கு ஏராளமான பழைய படங்கள் உண்டு. ஆவடிப் பக்கத்து ஏரிகளுக்கு யார் எடுப்பார்கள்?

படம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவைப் பாருங்கள். கார்ல்டன் வாட்கின்ஸ் 1861-இல் 18-க்கு 22 அங்குலக் கண்ணாடித் தட்டுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றி யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனார். அந்தப் படங்கள் கிழக்கு நகரங்களில் பரவின. 1864-இல் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். 1871-இல் வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த யெல்லோஸ்டோன் படங்கள் காங்கிரஸ் உறுப்பினர்களின் கைக்குப் போயின. 1872-இல் அது தேசியப் பூங்காவானது. நூறு ஆண்டுகள் கழித்து, 1977 முதல் 1979 வரை ஒரு குழு அந்தப் பழைய படங்கள் எடுக்கப்பட்ட அதே இடங்களைத் தேடிப்போய், அதே கோணத்தில் நின்று, மறுபடி எடுத்தது. எது மாறியது, எது மாறவில்லை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கலாம். படம் சாட்சியானது.

நம் பக்கம் திரும்புவோம். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு தெரு இருக்கிறது. லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. மயிலாப்பூர், மாம்பலம், நுங்கம்பாக்கம் வழியாக நீண்டுகிடந்த நெடுங்குளத்தின் ஒரு பகுதியை மூடித்தான் 1920-களில் மாம்பலம் நகரமைப்புத் திட்டம் வந்தது. இன்னொரு முனையில், நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில், 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அங்கே 'டேங்க் பண்ட் ரோடு' என்ற பெயர் மட்டும் மிச்சம். நமக்குப் பக்கத்திலேயே முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் பெயரே 'ஏரித் திட்டம்'. பெயர் இருக்கிறது, ஏரியைப் படத்தில் காட்டு என்றால் வீட்டுக்கு வீடு கையை விரிப்போம். 2015 டிசம்பரில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோதுதான் 'இங்கே முன்பு ஏரி இருந்ததாம்' என்று பலருக்குத் தெரிந்தது.

நம் வீடுகளிலும் கேமரா வராமல் இல்லை. என் காலத்தில் அது அக்ஃபா கிளிக் 3. வெயிலா, மேகமா என்று பார்த்து வைத்தால் போதும், வேறு பெரிய வித்தை கிடையாது. ஒரு ரோலுக்கு 12 படம். ஃபிலிம் நம் நாட்டிலேயே ஊட்டியில் தயாரானது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசி குறைந்த குளிர்ந்த காற்றுக்காகவே மலைமேல் இடம் பார்த்தார்கள். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் வரும். 12 படத்தில் ஏரிக்கு ஒன்று ஒதுக்க யாருக்கு மனம் வரும்? காதுகுத்து, கல்யாணம், வளைகாப்பு, புது ஸ்கூட்டர் என்று ரோல் முடிந்துவிடும். எங்கள் தெருவில் பழைய ஆல்பங்களைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். பருத்திப்பட்டு ஏரி ஒரே ஒரு படத்தில் கிடைத்தது. 1980-களில் எடுத்த குழுப்படம். பின்வரிசையில் நிற்கும் ஒருவரின் தோளுக்கும் இன்னொருவரின் தலைக்கும் நடுவே கரையும் பனைமரமும் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிகின்றன. எங்கள் தெருவில் எனக்குக் கிடைத்த 'ஆவணம்' அவ்வளவுதான்.

அந்த ஃபிலிம் காலத்திலேயே வேறு மாதிரி உழைத்த ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. மா. கிருஷ்ணன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். காட்டுயிர்களைக் கறுப்பு-வெள்ளையில் எடுத்தவர். கடையில் கிடைத்த கேமரா தன் வேலைக்குச் சரிப்படாதபோது, வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைக் கட்டிக்கொண்டார். கனமான அந்தக் கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயரும் வைத்தார். எதை எடுக்க வேண்டும் என்று அவருக்கு முதலில் தெரிந்திருந்தது. கேமரா அதற்குப் பின்னால் வந்தது.

ஆகவே என் மாணவர்களே, உங்கள் இரண்டு கேள்விகளின் வரிசையை மாற்றிக் கேளுங்கள். முதலில் இடம், பிறகு கருவி.

இடம்: கொடைக்கானலும் ஊட்டியும் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றை ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்துவிட்டார்கள். சுமார் 87 ஏக்கர் பருத்திப்பட்டு ஏரி வீட்டு வாசலில் இருக்கிறது. ஆகாயத்தாமரையும் கழிவுநீருமாகக் கிடந்து, சீரமைக்கப்பட்டு, 2019-இல் நடைபாதையோடு பூங்காவாகத் திறக்கப்பட்டது. மாறிக்கொண்டே இருக்கும் இடம். போரூர், அம்பத்தூர், செம்பரம்பாக்கம் எல்லாம் ஒரு பஸ் தூரம். ஒன்று மட்டும் கவனம். ஆவடியில் பாதுகாப்புத் துறை வளாகங்கள் அதிகம். படமெடுக்கத் தடை என்ற பலகை இருந்தால் கேமராவை உள்ளே வையுங்கள். ட்ரோன் என்றால் 2021 விதிகளின் வரைபடத்தில் நம் பகுதி எந்த மண்டலம் என்று பார்க்காமல் பறக்க விடாதீர்கள்.

காலம்: வடகிழக்குப் பருவமழை முடிந்து, தை பிறந்து, ஏரி நிரம்பி, வானம் துலங்கும் மாதங்கள் நல்லவை. ட்ரைப் கிளம்பியதும் ஏறத்தாழ அந்தக் கணக்கில்தான். ஆனால் சித்திரையில் தண்ணீர் வற்றித் தரை வெடித்திருக்கும்போதும் எடுங்கள். அழகாக இல்லை என்பதால் ஒரு படம் பொய்யாகிவிடாது.

கருவி: கையில் உள்ள மொபைல் போதும். வாங்கத்தான் வேண்டுமென்றால் முதலில் உறுதியான ட்ரைபாட் வாங்குங்கள். கேமராவை அடுத்த ஆண்டு மாற்றலாம். தண்ணீரின் கண்கூச்சத்தைக் குறைக்க ஒரு போலரைசர் ஃபில்டர் உதவும். அலையைப் பால்போல ஆக்கும் என்.டி. ஃபில்டரை இன்று காசு கொடுத்து வாங்குகிறோம். 1858-இல் அது வேண்டாத குறையாக இலவசமாகக் கிடைத்தது.

முறை: ஒரே இடத்தில் நில்லுங்கள். கரையில் அசையாத ஒரு கல்லையோ கம்பத்தையோ அடையாளமாக வையுங்கள். மாதம் ஒருமுறை, அதே நேரம், அதே கோணம். சுற்றியுள்ள வீடுகளையும் மின்கம்பங்களையும் வெட்டிவிடாதீர்கள். ஏரி எதுவரை இருக்கிறது என்று சொல்லப்போவது அவைதான். படத்தோடு தேதியையும் நின்ற இடத்தையும் எழுதி வையுங்கள். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-இல் தனிச் சட்டமே வந்தது. சட்டம் பேசும்போது 'அப்போது இப்படி இருந்தது' என்று காட்ட ஒரு படம் கையில் இருப்பது நல்லது.

ட்ரைபுக்குச் சம்பளம் கொடுத்த அரசாங்கம் ஏரியைக் கேட்கவில்லை. அவர் கருவிக்கும் அது எளிதாக அகப்படும் காட்சி இல்லை. நமக்கு இந்த இரண்டு தடையும் இல்லை. பறக்கும் நாரையும் பதிகிறது, அலையும் பதிகிறது, யாரும் அனுப்ப வேண்டியதும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பருத்திப்பட்டு, ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயில், திருவேற்காடு, பூந்தமல்லிப் பக்கத்துப் பழைய குடும்பங்கள் இதைப் படித்தால், உங்கள் ஆல்பங்களை ஒருமுறை புரட்டுங்கள். முகங்களுக்குப் பின்னால் பாருங்கள். ஒரு கரை, ஒரு மதகு, ஒரு களத்துமேடு எங்காவது தெரிந்தால் மொபைலில் எடுத்து, ஆண்டையும் ஊரையும் குறிப்பிட்டு, கீழே பதியுங்கள். முகங்களைக் காட்ட வேண்டாம் என்றால் மறைத்தே அனுப்புங்கள், எனக்குப் பின்புலம் போதும். ஊர்வாரியாக அடுக்கி வைக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். ஓய்வுபெற்றவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது.